நாயக்கன்பாளையத்துக்கு முன்னால் மூன்று எழுத்துகள்

மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைத் தாண்டிச் சென்றால் நரசிம்மநாயக்கன்பாளையம் வரும். அதற்கு அடுத்துப் பெரியநாயக்கன்பாளையம். முதல் ஊரின் பெயரில் 14 எழுத்துகள், இரண்டாவதில் 12. இவற்றுள் கடைசி 9 எழுத்துகள் இரண்டு ஊர்களுக்கும் பொது. ஆகவே தூரத்தில் வரும் பேருந்தின் நெற்றிப் பலகையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும் ஒருவருக்கு உண்மையில் உதவுபவை ‘பெரிய’ என்னும் மூன்று எழுத்துகளோ ‘நரசிம்ம’ என்னும் ஐந்து எழுத்துகளோ மட்டுந்தான். மீதியெல்லாம் பலகையை அடைத்துக்கொண்டு நிற்கும் பொதுச் சொத்து. கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்புப் படித்தபோது நான்காம் ஆண்டில் ஒரு முழுப் பருவத்தை நான் இந்த 9 எழுத்துகளோடு கழித்தேன். பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பலகைதான்.

எங்கள் வீடு பல்லடத்தில் இருக்கிறது. அப்பா திருப்பூர்ச் சாலையில் பனியன் துணிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் சிறிய யூனிட் ஒன்றை நடத்திவந்தார். நீளமான இரண்டு மேஜைகள், ஏழெட்டு ஆட்கள், எப்போதும் மூக்கில் ஏறும் மையின் வாடை. நான்கு நிறத்தில் ஒரு படம் என்றால் நான்கு ஸ்கிரீன் வேண்டும். ஒவ்வொரு நிறமும் முன்னால் அடித்த நிறத்தின் மேல் இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். அதற்கு ரெஜிஸ்டர் என்று பெயர். ரெஜிஸ்டர் விலகிப்போன அன்றைக்கு வீட்டில் யாரும் அப்பாவிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பிளஸ் டூ விடுமுறையில் நான் அங்கே உட்கார்ந்து, வாங்குவோர் அனுப்பிய படங்களை நிறம் நிறமாகப் பிரித்துப் பாசிட்டிவ் எடுப்பதற்கு உதவினேன். கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். டிசைன் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா கோபப்படவில்லை, கணக்குத்தான் போட்டார்.

“நோட்டீசு அடிக்கறதுக்கு நாலு வருசமா அம்மிணி? மூணு மாசம் டி.டி.பி. படிச்சுட்டு வந்து நம்ம யூனிட்டுலயே உக்காந்துக்கலாமில்ல?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். டி.டி.பி. சென்டரில் மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுக்கும் மென்பொருளை நான்கு ஆண்டுப் படிப்பில் யாரும் அத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. அது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள். மென்பொருளுக்காக இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் சேர வேண்டாம் என்பது என் துணிபு. அகமதாபாதில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை நான் எழுதிப் பார்த்தேன், தேறவில்லை. ஐ.ஐ.டி. மும்பை 2015 முதல் நடத்திவரும் டிசைன் நுழைவுத் தேர்வை எழுதும் அளவுக்குத் தைரியம் வரவில்லை. சென்னையில் 1850இல் தோன்றிய கவின்கலைக் கல்லூரிக்கு அனுப்ப அம்மாவுக்கு மனம் இல்லை. எஞ்சியது பல்லடத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்வரக்கூடிய கோவை. சூலூர் வழியாகச் சிங்காநல்லூர், அங்கே இறங்கி நகரப் பேருந்து; இறங்கி ஏறிய இடமெல்லாம் பலகை பார்த்துப் பழகிய கண்கள் பிற்பாடு பயன்பட்டன.

முதலாம் ஆண்டு எல்லா டிசைன் கல்லூரிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. ஜெர்மனியில் 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் என்னும் பள்ளியின் அடிப்படைப் பயிற்சிகள், பாதி உருமாறி, நம் வகுப்பறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன: கறுப்புத் தாளை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டுவது, ஒரே நிறத்தை இருபது படிகளில் வெளிறச் செய்வது, புள்ளிகளை மட்டும் கொண்டு பதற்றத்தைக் காட்டுவது. பதற்றத்துக்கு எனக்குப் புள்ளிகள் தேவைப்படவில்லை. வரலாற்று வகுப்பில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையைப் பற்றிச் சொன்னார்கள். அதில் அவர்கள் நம் சொம்பை மிக உயர்ந்த வடிவமைப்பு என்று வியந்திருக்கிறார்கள். அதை ஆத்தாவிடம் சொன்னேன். “சொம்பு நல்லாருக்குதுன்னு சொல்லறதுக்கு அமெரிக்காவுலிருந்து வரோணுமா?” என்று கேட்டுவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் அந்த ஆண்டில் நடந்த ஒன்றுக்காக மட்டும் கட்டணத்தின் ஒரு பகுதியை மனமாரக் கொடுப்பேன். நிறத்தைப் பற்றிய வகுப்பில் ஆசிரியை இரண்டு துணித்துண்டுகளை ஒரு விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். பகல் வெளிச்சத்தைப் போன்ற விளக்கில் இரண்டும் ஒரே பச்சையாக இருந்தன. கடை விளக்கைப் போன்ற இன்னொரு விளக்குக்கு மாற்றியதும் ஒன்று பழுப்பேறித் தனியே நின்றது. இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். இரண்டு சாயங்கள் வெவ்வேறு பொருள்களால் ஆனவையாக இருந்தால், ஓர் ஒளியில் ஒத்துப்போவது மற்றோர் ஒளியில் ஒத்துப்போகாமல் போகலாம். எனக்கு அந்த இடத்திலேயே அப்பா நினைவுக்கு வந்தார். பேன்டோன் என்னும் நிற மாதிரி அட்டையில் குறிப்பிட்ட நிறத்துக்கு மை கலக்கி முடித்ததும், அடித்துப் பார்த்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் வாசலுக்குப் போவார், பிறகு உள்ளே வந்து டியூப்லைட்டின் கீழே பிடிப்பார், அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கச் சொல்வார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னபோது, அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “இதுக்கும் ஒரு பேரு இருக்குதா?” என்றார். அடுத்த வாரமே பையர் ஆபீஸிலிருந்து வந்தவரிடம் அதைச் சொல்லி ஒரு லாட்டை நிராகரிக்காமல் காப்பாற்றிவிட்டார். நான்கு ஆண்டுகள் எதற்கு என்ற கேள்வி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

இரண்டாம் ஆண்டில் டைப்போகிராஃபி, அதாவது அச்செழுத்துக் கலை. மற்ற பாடங்களையெல்லாம் விரைவாகக் கடந்துவிடலாம், இதை மட்டும் அப்படிக் கடக்க முடியாது, ஏனென்றால் நான் அந்தப் படிப்பைக் காதலிக்கத் தொடங்கியதும் அதன் மேல் எனக்குக் குறை உண்டானதும் இதே வகுப்பில்தான். பதினாறாம் நூற்றாண்டில் பாரிஸில் கிளாட் கேரமாண்ட் வெட்டிய எழுத்துகளைப் பட்டர் பேப்பரில் பென்சிலால் படியெடுத்தோம். சுவிட்சர்லாந்தில் 1957இல் வெளிவந்த ஹெல்வெடிகா ஏன் இன்றைக்கும் கண்ணில் படுகிறது என்று விவாதித்தோம். ஆங்கிலத்துச் சிறிய எழுத்தின் உடல் உயரம், அதற்கு மேலே ஏறும் தண்டு, கீழே இறங்கும் வால், இரண்டு எழுத்துக்கு நடுவே விடும் இடைவெளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, அளவு உண்டு, காரணம் உண்டு என்று தெரிந்தபோது, வெறுமனே ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி நகர்ந்துவிடும் என் பழக்கம் உடைந்தது. சுவரில் ஒட்டிய வேலைகளுக்கு முன்னால் அத்தனை பேரும் நின்றுகொண்டு ஒருவர் வேலையை மற்றவர் கிழிப்பதைக் கிரிட் என்பார்கள். அங்கே “ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பதைவிடக் கூனிக்குறுகும் நிலை வேறில்லை.

அந்தப் பருவம் முழுவதிலும் ஒரு தமிழ் எழுத்துகூடச் சுவரில் ஏறவில்லை. வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஆசிரியையும் பொள்ளாச்சிக்காரர். யாரும் திட்டமிட்டுத் தமிழை விலக்கவில்லை. பாடத்திட்டத்தை எழுதியவர்களுக்கு அது தோன்றவேயில்லை, அவ்வளவுதான். இதற்கு நடுவே பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறியவற்றுள் தமிழ் முன்வரிசையில் நிற்பது; கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. அதற்காக அச்செழுத்தை வார்த்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வகுப்பாவது எடுத்திருக்கலாம்.

ஆங்கில எழுத்துக்குக் கற்றுக்கொண்டதைத் தமிழுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் புரியும். ஆங்கிலத்தில் தலைப்பை வேறுபடுத்தப் பெரிய எழுத்து உண்டு, அழுத்தம் கொடுக்கச் சாய்வெழுத்து உண்டு. தமிழில் பெரிய எழுத்து என்பதே இல்லை. எழுத்தைச் சாய்த்தால் காற்றில் விழப்போகிற வேலி போலத் தெரிகிறது. மேலே புள்ளியும் விசிறியும் ஏறும், கீழே உகரமும் ஊகாரமும் இறங்கும். ஆகவே ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளியைத் தமிழுக்கு விட்டால் மேல்வரியின் ‘மூ’ கீழ்வரியின் ‘சி’யை இடிக்கும். ‘பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து’ என்பது ஒரே சொல், 17 எழுத்து. செய்தித்தாளின் ஒடுக்கமான பத்தியில் இதை முழுதாக உட்கார வைக்க முயன்றால் முந்தைய வரியில் ஆற்று மணல் போல வெள்ளை விழும். நம் அச்சுக்காரர்கள் சொல்லை வேண்டிய இடத்தில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்கள். புள்ளி வைத்த மெய்யை மட்டும் வரியின் தொடக்கத்தில் வைக்கமாட்டார்கள். இத்தனை நுட்பமான விதி இருந்தும் எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஈரோட்டில் முன்பு லெட்டர்பிரஸ் வைத்திருந்த, அம்மா வழியில் எனக்கு மாமா முறையாகும் ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னதைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஆண்டில் பயிற்சிக்காக நகரத்தில் ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போனேன். அங்கே என்ன கற்றேன் என்பதைவிட அங்கிருந்து ஒரு ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிய கோப்பினால் கற்றதே அதிகம். துணிக்கடை ஒன்றின் திறப்புவிழாப் பலகை அது. நான் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையில் தட்டி, திருத்தி, இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, “எல்லாம் உடஞ்சு வருதுங்க, கர்வ்ஸ் பண்ணிக் குடுங்க” என்றார். எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நேரில் போய்ப் பார்த்தால், எகரக் கொம்பெல்லாம் தனக்குரிய எழுத்தை விட்டு நகர்ந்து அதன் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. யூனிகோடில் ‘கெ’ என்பதைச் சேமிக்கும்போது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அன்றைக்கு நான் பயன்படுத்திய வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தனியே தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அந்த வேலை நடக்காது. நான் தேர்ந்தெடுத்திருந்தேன், அவருடைய கணினியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அவருடைய கணினியில் இருந்தது பாமினி என்னும் பழைய எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று அடிக்க வேண்டுமானால் ஆங்கிலப் பலகையில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி ஆகியவற்றைத் தட்ட வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அன்று, தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம். எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் அந்தக் கடையிலிருந்த பையன் பாமினியில் தட்டும் வேகத்துக்கு என்னால் யூனிகோடில் தட்ட முடியவில்லை, கொம்பும் ஒருமுறைகூட இடம் மாறவில்லை. நான் மூன்று ஆண்டு படித்தவள். அவன் பத்தாம் வகுப்போடு வந்தவன். இருவரும் அன்று இரவு பத்து மணிவரை உட்கார்ந்து அந்தப் பலகையை மறுபடியும் தட்டினோம். அங்கேதான் நான்காம் ஆண்டுத் திட்டத்தைத் தமிழில் செய்வது என்று முடிவு செய்தேன். தேநீர் வாங்கிக்கொடுத்தது அவன்தான்.

திட்டத்துக்கு வேறு ஏதேதோ யோசித்தேன். பவானி ஜமக்காளத்துக்கு முத்திரை, ஈரோட்டு மஞ்சளுக்குப் பொட்டலம் என்று கொங்கு நாட்டு மாணவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் தலைப்புகள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்றால் நடுவர்களுக்கும் மகிழ்ச்சி. எனக்கோ பேருந்துப் பலகைதான் கண்ணில் நின்றது. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்தில் ‘பாளையம்’ என்று முடியும் ஊர்களை எண்ணி மாளாது. மேட்டுப்பாளையம் சாலை ஒன்றிலேயே கவுண்டம்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் என்று நான்கு வந்துவிடும். நடத்துநர்களும் எழுதுகிறவர்களும் ‘பெ.நா.பாளையம்’ என்று சுருக்கி ஒருவகையில் இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரருக்கு அது போதும்; ஊருக்குப் புதிதாக வந்தவர் அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எல்.இ.டி. பலகை வந்த பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. புள்ளிகளால் ஆன குட்டையான பலகையில் ‘ளை’யின் சுழிகள் அடைபட்டு வெறும் ஒளித்திட்டாகத் தெரிகின்றன.

கையால் போர்டு எழுதும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். தனியார் பேருந்துகளுக்கு வழித்தடம் எழுதியே வாழ்க்கையை ஓட்டியவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு லாரி பாடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர் என்றாலும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அண்ணாதான். பெரியநாயக்கன்பாளையம் எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டதும், சுண்ணாம்பில் தோய்த்த நூலை ஒரு தகரத்தின் மேல் இழுத்துத் தெறித்து இரண்டு கோடு போட்டார். இடப்பக்கத்திலிருந்து தொடங்குவார் என்று நான் நினைத்திருக்க, அவர் வலப்பக்க ஓரத்துக்குப் போய்ப் ‘பாளையம்’ என்று எழுதினார்.

“பாளையத்தை மொதல்ல உக்கார வெச்சிரோணும் அம்மிணி. அது எங்கியும் போவாது. மிச்சமிருக்கற எடத்துல பேரைப் போட்டுக்கலாம்.”

எழுதி முடித்த பிறகு தள்ளி நின்று பார்த்தேன். ‘பெரிய’ தடித்து, அகன்று, காற்றோட்டமாக நின்றது, ‘நாயக்கன்’ நெருக்கியடித்துக்கொண்டது, ‘பாளையம்’ சற்றே குட்டையாக, மெலிந்த கோட்டில் இருந்தது. எழுத்துகளுக்கு முன்னுரிமை கொடுத்து அடுக்குவது பற்றி எனக்கு ஒரு முழுப் பாடமே இருந்தது, அதில் எடுத்துக்காட்டெல்லாம் நியூயார்க் சுரங்க ரயிலும் லண்டன் பேருந்தும். இவர் அதை ஒரு தகரத்தில் செய்துவிட்டு, தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, “எடம் பத்தாதுங்களே” என்றார். அவ்வளவுதான் அவருடைய காரணம். அந்த வழக்கத்தைப் படிப்பவரின் கண்ணிலிருந்து விளக்கி, எத்தனை அடி தூரத்துக்கு எத்தனை பருமன் என்று அளந்து, இன்னொருவரும் எடுத்துச் செய்யும்படி விதியாக எழுதிவைப்பது என் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. கையும் கண்ணும் அவருடையவை, கேள்வி மட்டும் கல்லூரியுடையது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

இங்கே ‘ளை’ என்ற எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவினாசியிலும் காங்கயத்திலும் பழைய கட்டடங்களின் நெற்றியில் சுண்ணாம்புச் சாந்தால் எழுதிய பெயர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்து ‘ளை’ வேறு மாதிரி. ளகரத்தின் முன்னால் யானையின் துதிக்கை வளைந்தாற்போல ஒரு கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கும். மொத்தமும் சேர்ந்து ஒரே எழுத்து. ணை, லை, னை ஆகியவற்றுக்கும் அதே துதிக்கை. ணா, றா, னா ஆகியவற்றுக்கு வேறு சுழி. இவற்றோடு ஒகர ஓகார வரிசையில் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவற்றையும் சேர்த்து 13 எழுத்துகள் விதிவிலக்காக நின்றன. ஈரோட்டிலிருந்து 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ இதழில் பெரியார் 1935இலேயே இவற்றை ஒழுங்குபடுத்தி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அந்த 13 எழுத்துகளுக்கான மாற்றத்தை 1978இல் ஆணையாக்கியது. அச்சுக்கோப்பவர் கையாள வேண்டிய தனி எழுத்துகள் அதனால் குறைந்தன. கற்றுக்கொள்ளும் குழந்தைக்கும், பிற்காலத்தில் எழுத்துரு வரையும் என்னைப் போன்றவருக்கும் அது பெரிய வரம். ஆனால் பலகை எழுதுபவருக்கு ஒரு சிறு செலவு வைத்தது. துதிக்கை போட்ட பழைய எழுத்து ஓரெழுத்தின் அகலத்துக்குச் சற்றே மேற்பட்ட இடத்தில் அடங்கிவிடும். புதிய ‘ளை’ இரண்டெழுத்து அகலம் கேட்கும். ஒவ்வொரு பாளையத்திலும் ஓரெழுத்து அகலம் கூடிவிட்டது. ஈரோட்டுக்காரர் தொடங்கிவைத்த மாற்றத்தின் சுமையைக் கொங்கு நாட்டுப் பலகைகள்தாம் மற்றவர்களைவிட அதிகமாகச் சுமக்கின்றன என்று நான் ஆய்வுரையில் எழுதினேன். வழிகாட்டி சிரித்துவிட்டு, பென்சிலால் அந்த வரியை அடித்தார். நான் இங்கே திரும்ப எழுதிக்கொண்டேன்.

சோதனை மிக எளிமையானது. ஐந்து ஊர்ப் பெயர்களை மூன்று விதமாக அட்டையில் அச்சிட்டேன்: எல்லா எழுத்தும் ஒரே பருமனில் ஒன்று, சுருக்கி எழுதியது ஒன்று, அண்ணாவின் முறையைப் பின்பற்றிய என்னுடையது ஒன்று. கல்லூரி மைதானத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்புத் தோழி மறுமுனையிலிருந்து நடந்துவருவாள்; இந்தப் பக்கம் நிற்பவர் படிக்க முடிந்ததும் கையை உயர்த்த வேண்டும். மாணவர்களை மட்டும் வைத்துச் செய்திருந்தால் எல்லாம் அழகாக முடிந்திருக்கும். வாயிற்காவலர், கேன்டீன் அக்கா, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த அலுவலக உதவியாளர் ஆகியோரையும் நிற்கவைத்தேன். என்னுடையதை முன்னதாகக் கண்டவர்களே அதிகம், நரசிம்மநாயக்கன்பாளையத்தைத் தவிர. ஐந்து எழுத்தைத் தடிக்கவைத்தால் மீதி ஒன்பதுக்கு இடம் மிஞ்சவில்லை. ‘சி’யின் விசிறியும் பக்கத்து ‘ம்’மின் புள்ளியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கேன்டீன் அக்காவோ எல்லா எழுத்தும் ஒரே பருமனில் இருந்த அட்டைக்கு மட்டும் கையை உயர்த்தினார். எப்படி என்று கேட்டதற்கு, “எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு, அந்த நீளத்தைப் பாத்தே ஏறிக்குவேன்” என்றார். நரசிம்மநாயக்கன்பாளையம் எல்லாவற்றிலும் நீளம், அதுதான் அவருக்கு அடையாளம். எல்லாப் பெயரையும் ஒரே அகலத்துக்குள் கச்சிதமாக அடக்கிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவருடைய பேருந்து காணாமல்போயிருந்தது. அன்றிரவு பெயருக்குப் பெயர் அகலம் மாறும்படி எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன்.

நடுவர் குழுவில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், இதன் ஆங்கில வடிவம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். எழுத்துருவாக ஏன் முழுதாக முடிக்கவில்லை என்றும் கேட்டார். 247 எழுத்துக்கும் வேண்டிய வடிவங்களை ஒரே பருவத்தில் வரைவது என்னால் ஆகாது என்று உண்மையைச் சொன்னேன். மதிப்பெண் நடுத்தரமாக வந்தது. பட்டம் வாங்கியபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, திருப்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் உடைகளுக்குச் சலவைக் குறிப்பு லேபிள் அமைப்பது. கட்டைவிரல் அகலத்தில் ஏழெட்டு மொழிகள், அவற்றில் தமிழ் இல்லை. சம்பளம் அப்பா முதலில் போட்ட கணக்கைவிடச் சற்றுக் கூடுதல்.

முடிவான அட்டைகளை அண்ணாவிடம் கொண்டுபோய்க் காட்டியது பட்டமளிப்புக்குப் பிறகுதான். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கைநீட்டும் தூரத்தில் ஒருமுறையும், லாரியின் பின்சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் ஒருமுறையும் பார்த்தார். ‘பெரிய’வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேராக ‘ளை’யில் விரலை வைத்தார்.

“இது ரெண்டும் தனித்தனியா நிக்குது பாருங்க. ‘ள’ வாரதுக்குள்ள வண்டி போயிரும்.”

பிறகு லாரியின் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் துதிக்கை போட்ட பழைய ‘ளை’யை ஒரே இழுப்பில் எழுதினார். என்னுடையதில் பாதி அகலந்தான் வந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப எவன் இதைப் படிப்பான்” என்று உள்ளங்கையால் அழித்தார். பக்கத்திலேயே புதிய ‘ளை’யை எழுதினார், ஐகாரத்தின் பின்சுழியைச் சிறிதாக்கி, அதன் வால் ளகரத்தின் காலில் உரசும்படி நெருக்கி வைத்திருந்தார். நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். சுண்ணாம்பு பிசிறியிருந்ததால் உரசும் இடம் படத்தில் தெளிவாக விழவில்லை. இன்னொரு முறை எழுதச் சொல்லி, இந்த முறை அளவுகோலையும் பக்கத்தில் வைத்து எடுத்தேன்.